மூடி எண் 412

பலதியா பொன்விழா மலருக்கு
ஊர் வரலாறு வேண்டுமாம்.
“இருபத்தாறு வருஷம் சாக்கடைப் பிரிவு,
உனக்குத் தெரியாததா?”
என்றார் முதீர் ஃபவ்வாஸ்.

எனக்குத் தெரிந்தவை மூடிகள்.

பள்ளிவாசல் தெருவில்
எழுபத்தெட்டு என்று பொறித்தவை;
இரண்டு பேர் நெம்பினாலும் முனகும்.
உம் சித்ராவுக்கு அப்போது ஒரே தண்ணீர் லாரி,
வெள்ளிக்கிழமை வராது என்கிறது பழைய பதிவேடு.
கிளினிக் பக்கம் எண்பத்தாறு.
விளிம்பில் நம்மூர் வார்ப்பாலை ஒன்றின் பெயர்,
பாதி தேய்ந்து.

தொண்ணூறும் தொண்ணூற்றொன்றும்
எந்தத் தெருவிலும் இல்லை.
அந்த இரண்டு வருஷம்
யாரும் குழி தோண்டவில்லை,
குழாய்க்காக.

முதல் தலைவர் வீட்டு வாசலில்
மூடி கிடக்கக் கூடாதென்று
குழாயை இடப்பக்கம் வளைத்திருக்கிறார்கள்.
வரைபடத்தில் அது நேராகத்தான் போகிறது.

இதையும் சொன்னேன்.
ஃபவ்வாஸ் பேனாவை மூடினார்.
சுலைமானி வந்தது, குடித்தேன்.

மலரில் தலைவர் முழுப் பக்கம்.
அவர் திறந்த தபால் நிலையம்,
ரிப்பன் கட்டிய தீயணைப்பு வண்டி, பூங்கா.
கடைசி அட்டையில் எங்கள் பிரிவின் தொலைபேசி எண்;
அதிலும் ஓர் இலக்கம் தப்பு.

எப்படியோ அழைத்துவிட்டார்கள்,
நவம்பரின் முதல் மழைக்கு.
நானும் புதுப்பையன் திபேந்திராவும்
முழங்கால் தண்ணீரில் நின்று
கம்பி விட்டுக்கொண்டிருந்தோம்.
தலைவரின் பேரன் குடையோடு வந்தான்.
“இங்கே மட்டும் ஏன் வருஷா வருஷம்?”

“பழைய குழாய்” என்றேன்.
கம்பி போய் வளைவில் இடித்தது.