ஏழாவது ரவை

பீல் நகருக்கு வெளியே, காட்டோரச் சுடுதளம்.
சனிக்கிழமை. மழை.
பணவண்டிக் காவலுக்கென்று புதிதாக வாங்கிய கைத்துவக்கு
என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்;
விலையும் அப்படித்தான்.
"முந்நூற்றுத் தொண்ணூறு பிராங், உறையோடு"
என்றார் ஹூர்லிமான்,
மீன் பேரம் படிந்த முகத்தோடு.

ஆறு ரவை ஒழுங்காய்ப் போனது.
ஏழாவதின் வெற்றுக்கோது
வெளியே விழாமல்
மேற்சட்டத்தின் வாயில் முள்ளாய்ச் சிக்கி நிமிர்ந்து நின்றது.
தட்டினேன், இழுத்தேன், உதறினேன்.
வேறு பெட்டி, வேறு ரவை.
ஆறு.
பிறகு அதே முள்.

"எண்ணெய் விடு."
விட்டேன்.
"மணிக்கட்டை இறுக்கு."
இறுக்கினேன்.
"இருநூறு சுட்டால் பழகிவிடும்."
யார் என்று நான் கேட்கவில்லை.

அரை விநாடி பிந்துகிற மணிக்கூட்டை
மேசையில் வைக்கவே வெட்கப்படுகிற ஊர் இது.

படிவத்தில் ஒரு கட்டம்: குறைபாடு உண்டா?
உண்டு என்று எழுதி
இரண்டு தரம் அடிக்கோடிட்டேன்.
அவர் அதைத் துளையிட்டு
கோப்பில் பத்திரமாகப் போட்டார்.

திங்கள் காலை அதே துவக்கு என் இடுப்பில்.
மருந்துக்கடை, பெற்றோல் நிலையம்,
பிறகு ரயிலடிக்குப் பின்னால் அந்தப் பேரங்காடி.
பெட்டியோடு படி இறங்குகையில்
வாய்க்குள் எண்ணுகிறேன்.
ஆறாம் படியில் கால் தானாக நிற்கிறது.

ஏழாம் படியில்
சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்த பொடியன்
நிமிர்ந்து இடுப்பைப் பார்க்கிறான்.
"அது உண்மையான துவக்கா?"

"இடைக்கிடை" என்கிறேன்.