இன்றைய நீர்மட்டம்

காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது நான்,
பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு, ஷைனி கிறிஸ்டபெல்.
குறளுக்கும் தேசிய கீதத்துக்கும் நடுவே
இரண்டு நிமிஷம் எனக்கு.

விபத்து வேண்டாம் என்பார் லில்லிபாய் டீச்சர்,
சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.
தூக்கு வேண்டாம். மாயமான கல்லூரி மாணவி வேண்டாம்.
கட்சி வேண்டவே வேண்டாம்.
இவ்வளவும் கழித்தால்
குமரிப் பக்கத்தில் மிச்சம் கிடப்பது
ஒரு கொடியேற்றம், நாளைய மின்தடை,
தோவாளையில் பிச்சிப்பூ விலை,
அப்புறம் அணைகள்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி,
சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு,
பொய்கை, மாம்பழத்துறையாறு,
கடைசியில் முக்கடல்.
கோடை முற்றினால் அதற்கு மட்டும் மைனஸ் போடுவார்கள்.
'மைனஸ் பன்னிரண்டு அடி' என்று வாசித்தபோது
ஆறாம் வகுப்பு வரிசையில் ஒருத்தன் சிரித்தான்.
பூஜ்யத்துக்குக் கீழேயும் வெள்ளம் கிடக்கும்,
அதையும் மோட்டார் வைத்து இழுத்துக் குடிப்பார்கள்
என்பது எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது.

ஊரம்பு ஜங்ஷன் சாயாக் கடையில்
எண்ணெய் படும் முன்னே பேப்பரை வாங்கிக் கொள்வேன்.
செய்திக்கென்று தனியாக ஒரு தமிழ் இருக்கிறது.
தென்னை சாய்ந்தால் பரபரப்பு,
திருப்பி நிமிர்த்தினால் பெருமூச்சு,
பார்த்து நின்றவர்கள் எப்போதும் 'அப்பகுதி மக்கள்'.

செவ்வாய்க்கிழமை, ஏழாம் பக்கம்:
கேரளாவுக்குக் கடத்த முயன்ற
எண்ணூறு கிலோ ரேஷன் அரிசி
சொகுசு காருடன் பறிமுதல்.
டிரைவர் தப்பி ஓட்டம்.

சொகுசு கார்!
பின் சீட்டு கழற்றின குவாலிஸ் அது.
ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும்.
அஜிஷாவுக்க அக்கா கல்யாணத்துக்கு
அதில் சாக்கு விரித்து ஒன்பது பேர் போனோம்.
அரிசித் தவிடு பாவாடையில் ஒட்டிக்கொண்டு
பந்திவரை கூடவே வந்தது.
தப்பி ஓடியவர் அவளுக்க அப்பா.
அவருக்கு இடது முட்டு மடங்காது,
பஸ்ஸில் ஏறவே கை பிடிக்க வேண்டும்.

அந்த எண்ணூறில் எங்கள் அட்டையும் உண்டு.
மாதம் பிறந்தால் தங்கலீலா அக்கா சாக்கோடு வருவாள்,
கிலோவுக்குப் பத்து ரூபாய்.
அண்டியாபீஸ் கறை ஏறின விரலால்
அம்மா எண்ணி வாங்குவாள்,
அதோடு கொஞ்சம் சேர்த்துச் சம்பா அரிசி வாங்குவாள்.
'கடத்தல் கும்பல்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.
அதற்குள் அம்மாவைத் தேடினேன்.
அப்பகுதி மக்களுக்குள்ளும் தேடினேன்.

டீச்சர் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் தந்தார்:
'இதை வாசி. போலீஸ் அதிரடி, நல்ல செய்திதான்.'
மூன்றாவது வரிசையில் அஜிஷா
பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.
மைக் ஒருமுறை கிரீச்சிட்டது.
'கேரளாவுக்கு' என்று வாய் திறந்தேன்,
பேச்சிப்பாறை வந்தது.
ஏழு அணைகளையும் இரண்டு தடவை வாசித்தேன்.
யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை,
டீச்சருக்குத் தெரிந்தது.

இடைவேளையில் பைப்படிக்கு வந்தாள்.
'நீ வாசிச்சிருக்கலாம் பிள்ளே,
பேரு ஒண்ணும் போடல்லியே.'
வாய் கொப்பளித்துத் துப்பினாள்.
'ஆனா எண்ணூறு இல்ல, கேட்டியா.
ஏத்தினது ஆயிரத்து இருநூறு.
நானும்தான் சாக்கு பிடிச்சேன்.'

கணக்குப் பீரியடில்
நானூறை ஐம்பதால் வகுத்தேன்.
எட்டு மூட்டை.
நோட்டு ஓரத்தில் எழுதி
யாரும் பார்க்கும் முன் அடித்தேன்.
அடித்த பிறகும் தாளின் மறுபக்கம் எட்டு தெரிந்தது.

ராத்திரி மழை.
மறுநாள் முக்கடல் மைனஸ் பதினொன்று.
'ஒரு அடி ஏறியிருக்கிறது' என்று
பேப்பரில் இல்லாத வரியைச் சேர்த்து வாசித்தேன்.
லில்லிபாய் டீச்சர் எல்லாரையும் கை தட்டச் சொன்னார்.
அஜிஷாவும் தட்டினாள்,
மற்றவர்கள் நிறுத்திய பிறகு.