நெத்திலிக் கருவாடு

தேசராணியின் புருஷன் படகோடு பிடிபட்டு
நாற்பத்தொரு நாள்.
மனு கொடுத்த இடத்திலெல்லாம் 'உட்காரும்மா' என்றார்கள்.
இல்லை, அதுகூடச் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணிக்கு
பிடித்த நாட்டின் தூதரகம்தான் பதில் போட்டது:
'அழுவாதக்கா. அண்ணன் வந்துடும்.
இப்படிக்கு கயல்.'

காசிமேட்டு ஏலக் கொட்டகையில்
ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே
போனைத் துடைத்துத் துடைத்துக் காட்டுகிறாள்.
'எந்த கவர்மெண்டு என்ன அக்கான்னு கூப்ட்டுச்சு?
நம்ம பேட்டப் பொண்ணாத்தான் இருக்கும்.'

அந்த 'அக்கா' நான் விற்றது.
மூன்று மாதம், டீக்கடை டீக்கடையாக ஒட்டுக் கேட்டு,
சொல்லுக்கு நாலு ரூபாய்.
இயந்திரத்துக்குப் பேர் வைத்ததும் நான்தான்.
பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்றார் மேலதிகாரி.
எப்போது வருவான் என்றும் சொல்லவில்லை.

'நீ அங்கதான வேல பாக்குற,
அந்தப் பொண்ணுக்குக் குட்த்துடு.'
தினத்தாளில் சுற்றி, நூல் கட்டி,
நெத்திலிக் கருவாடு.

வாங்கிக்கொண்டேன்.
மெட்ரோவில், மண்ணடி வருவதற்குள்
பெட்டியே என் பையைப் பார்த்தது.

திங்கட்கிழமை
அவளே எழுதிக் கேட்டிருக்கிறாள், வந்துச்சா என்று.
அரை நொடியில் பதில்:
'சூப்பர்க்கா. உப்பு கரெக்டா இருந்துச்சு.'

பொட்டலம் என் மேசைக்கடியில்,
கட்டு அவிழாமல்.