இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம் வரை

இந்த ஆனியில் நான்கு புத்தகம் முடித்தேன்.
மூன்றரை என்பதுதான் நியாயம்.

முதலாவது, கப்பல் உடைக்கிற ஊரைப் பற்றிய நாவல்.
நாயகன் ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறை
கடலைப் பார்த்து யோசிக்கிறான்.
யோசிக்கட்டும்.
அவனுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று
கடைசி வரை தெரியவில்லை.
நான் புதுவயலில் அரிசி ஆலைக் கணக்கு எழுதுகிற ஆள்,
எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.
ஆனாலும் அதில் ஒரு சமையல்காரி வருகிறாள்,
கைவிரலில் ஒட்டிய துருவை
உப்பா என்று நக்கிப் பார்க்கிறவள்.
இரண்டே பக்கம்தான் வருகிறாள்.
அவளை நினைத்துக்கொண்டு நின்றதில்
காரைக்குடி பஸ் போய்விட்டது.

அடுத்தது வட்டியின் வரலாறு, அறுநூறு பக்கம்.
இந்தப் பக்கத்து நூலகத்தில் அதை வைப்பது
கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம்.
எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஆசிரியர்,
நூறு ரூபாய், ஒன்பது வட்டி, பன்னிரண்டு வருஷம்,
கூட்டு வட்டியில் இருநூற்றெட்டு என்கிறார்.
யாரோ அதைப் பென்சிலால் அடித்து
ஓரத்தில் 281 என்று எழுதியிருந்தார்கள்.
கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்.
பென்சில்தான் சரி.
அதற்குப் பிறகு ஆசிரியரை விட்டுவிட்டு
பென்சிலைப் படிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது எங்கள் சீமையைப் பற்றிய நாவலாம்.
எழுதியவர் நான்கு நாள் தங்கியிருப்பார் போல.
எல்லோரும் எந்நேரமும் கோழி தின்கிறார்கள்.
வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் விழுகிறது,
விழுந்துகொண்டே இருக்கிறது,
ஏழு அத்தியாயத்துக்கு.
எங்கள் தெருவில் காயப்போட்ட வேட்டியில் விழுவது
உமிச் சாம்பல். அதற்கு ஒரு வரி இல்லை.
கோபத்தில் மூடப் போனபோது
ஓரத்தில் அதே பென்சில், அதே கொக்கி போட்ட ள்:
'கண்ணாடியை யார் துடைத்தார்கள்?'
பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.
பக்கத்துச் சீட்டுக்காரர் கூடையை நகர்த்திக்கொண்டார்.

நூலகத்தில் அடைக்கலமேரியிடம் கேட்டேன்,
இந்தக் கையெழுத்து யாருடையது.
'தெரிஞ்சா சொல்லு. ஃபைன் போடணும்.'
பிறகு கேட்கவில்லை.
பின்னட்டைச் சீட்டில் இரண்டு புத்தகத்துக்கும்
அடுத்தடுத்த வாரத் தேதி, ஒரே வருஷம்.
அந்த வருஷத்து முத்திரையைத் தேடித்தான்
நான்காவதை எடுத்தேன்,
மற்றபடி எனக்கு அது தேவையில்லை.

காது மந்தமாவதைப் பற்றி ஒரு டாக்டர் எழுதியது.
அலங்காரம் இல்லாத ஆள்.
முதலில் சில்வண்டு போகும் என்கிறார்.
பிறகு ஸ, ஷ.
பிறகு குழந்தைகள் பேசுவது.
சில்வண்டுக்குப் பக்கத்தில் பென்சில்: 'ஆமாம்.'
ஸ, ஷ பக்கத்திலும்.
ஆலைகளைப் பற்றிய அத்தியாயத்தில்
இயந்திரத்தின் சத்த அளவை அடித்து
இன்னும் கூட்டி எழுதியிருந்தது.
எழுத்து போகப் போகப் பெரிதாகிறது,
செவிடர்கள் உரக்கப் பேசுவார்களே, அப்படி.
இருநூற்றுப் பதினொன்றில் ஒரு புள்ளி.
வாக்கியம் இல்லை, வெறும் புள்ளி,
முனை ஒடிகிற அளவுக்கு அழுத்தி.
அதன் பிறகு எல்லாம் வெள்ளை ஓரம்.

எந்த ஆலை? எந்த ஷிப்ட்?
ஒருவேளை புத்தகம் அலுத்துப் போயிருக்கலாம்,
எனக்கும் பாதி நாவல்கள் அலுக்கத்தானே செய்கின்றன.
இருநூற்றுப் பன்னிரண்டைப் புரட்டாமல்
ஒரு வாரம் மேஜையில் வைத்திருந்தேன்,
தவிட்டுத் தூசி படிந்தது.
நான்கு நாள் தாமதம், நான்கு ரூபாய் கட்ட வேண்டும்.

நேற்று மதியம் அதைக் கையில் வைத்திருந்தபோது
சூப்பர்வைசர் சொர்ணலிங்கம் தோளைத் தொட்டார்.
மூன்று தடவை கூப்பிட்டாராம்.
புத்தகத்தில் இருந்தேன் என்றேன்.
புத்தகத்தில்தான் இருந்தேன்.