தோளில் ஒரு குதிரை

ஒன்பதாம் மாடி, சமையலறைச் சன்னல்.
ஈரத்துணி கோத்த மூங்கில் கழியை ஏந்தி
வெளியே குனிந்து குழாயில் செருகும் நொடியில்
வலக்கை பாதியில் நின்றுவிட்டது.
சீருடை மூன்றும் ஒரு போர்வையும்
கீழே நடப்பவர்களின் தலைக்கு மேல்
என் இடக்கையில் ஆடின.
எப்படியோ உள்ளே இழுத்தேன்.
யாரும் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

அதற்கு முன்பே ரவிக்கைக் கொக்கி சொல்லியிருந்தது.
நான்தான் கேட்கவில்லை.

நான்கு மாதம் கோடாலித் தைலம்.
பிறகு காப்பிக்கடைக்குப் பக்கத்துச் சின்சே,
கறுப்புப் பிளாஸ்திரி.
மூன்று நாள் என் தலையணை
மருந்துக்கடைபோல் மணந்தது.
வலி சின்சேயை மதிக்கவில்லை.

சாங்கியில் விமானச் சாப்பாடு அடுக்குகிறேன்.
மேல்வரிசைத் தட்டுகளை இடக்கையால் தள்ளுவதைப் பார்த்து
“இடக்கைக்காரியா அக்கா?” என்றாள் புதிதாய் வந்த தேன்மலர்.
“இப்பத்தான் ஆனேன்.”

பலதுறை மருந்தகத்தில்
ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்றார் டாக்டர் குவா.
எந்த நேரத்து வலிக்கு எண் சொல்ல?
காலையில் கடுகடுப்பு.
பேருந்தில் கைப்பிடிக்கு எட்டினால் சுரீர்.
படுத்தால் குடைச்சல்.
என் ஆங்கிலத்தில் எல்லாமே பெயின்.
ஏழு என்றேன்.
ஏழுக்கு அவரிடம் ஒரு மாத்திரை இருந்தது.

எக்ஸ்ரே எடுத்து
எலும்பு அழகாய் இருக்கிறது என்றார்.
ஐம்பத்து மூன்று வயதில்
என் உடம்பில் ஒன்றை அழகென்ற முதல் ஆள்.
ஆனாலும் கோபம் வந்தது.
ஒன்றுமில்லாததற்கா
இத்தனை இரவு சோபாவில் உட்கார்ந்தே கிடந்தேன்?

இரத்தமும் எடுத்தார்கள்.
தோளைத் தோண்டக் கிளம்பியது
சர்க்கரைப் பூதம்.
அன்றிலிருந்து தேத்தண்ணீர் கோசொங்.

பதினொரு வாரம் காத்திருந்து
யீஷூன் மருத்துவமனையில் நிபுணர்.
கையை நான் தூக்கினேன், நின்றது.
அவர் தூக்கினார், அதே இடத்தில் நின்றது.
உறைந்த தோள் என்றார்.
நிழலில் நின்றாலும் வியர்க்கிற ஊரில்.
தானாய் இளகுமாம்.
ஓராண்டு, சிலருக்கு இரண்டு.
பெயர் தெரிந்தால் பாதி வலி போகும் என்பார்கள்.
எனக்குப் போகவில்லை.
ஆனால் திட்டுவதற்கு ஒரு பெயர் கிடைத்தது.

பிசியோ பெண் நூர் ஹனிஸா.
கையை மெல்லச் சுழற்றியபோது
“ஐயோ, குடையுது” என்று தமிழ் வந்துவிட்டது.
“குடா?” என்றாள்.
அவள் மொழியில் குடா என்றால் குதிரை.
“தோளுக்குள்ளே குதிரையா, காக்கா?”
யோசித்துப் பார்த்து, ஆமாம் என்றேன்.
இராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உதைக்கும்.
அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.
என் கோப்பில் உள்ள
ஒரே சரியான வரி அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுப்பாடம் கொடுத்தாள்.
சுவரைப் பார்த்து நின்று
விரல்களைச் சிலந்திபோல் ஏற்ற வேண்டும்.
எட்டிய இடத்தில் பென்சில் கோடு.

சுவரில் ஏற்கெனவே கோடுகள் இருந்தன.
இன்பன் நின்று நின்று வளர்ந்த இடம்.
முதல் வாரம் என் விரல்
அவன் பாலர் பள்ளி உயரத்தில் நின்றது.
ஐந்தாம் வாரம் தொடக்கநிலை ஒன்று.
நடுவில் இரண்டு வாரம்
ஓர் அரிசி மணியளவும் ஏறவில்லை.
அந்த நாள்களில் சுவரோடு பேசவில்லை.

சனிக்கிழமை முகாமிலிருந்து வந்தான்.
பச்சைச் சட்டைகளைக் கோத்து
ஒற்றைக் கையால் கழியைச் செருகினான்,
பேனா மூடிபோல.
திரும்பியவன் கோடுகளைப் பார்த்து
“யாரும்மா இது, புதுசா வளருறது?” என்றான்.

குதிரை இன்னும் போகவில்லை.
நேற்று மட்டும்
நான்கு மணிக்குத்தான் எழுந்தது.