இரண்டு மணிக் கட்டம்

பல்லாரட்டில் ஜூலைக் குளிர்
தார்ச்சாலையை வெள்ளையாக்கும் நேரம்
எனக்கு வேலை.
முதியோர் இல்லத்தின் கிழக்குப் பகுதி,
பதினோரு அறைகள், ஒரே ஆள்.
படுத்த படுக்கையாய் இருப்பவர்களை
இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும்.
இடப்பக்கம். வலப்பக்கம். மல்லாக்க.
விட்டால் புண் வைக்கும்.
புரட்டியதும் கதவோரத் தாளில்
அந்த மணிக்குரிய கட்டத்தில் ஒரு டிக்.

அந்தத் தாளை எனக்கு முன்பே தெரியும்.
சாயர்புரத்து ஓய்வுநாள் பள்ளியில்
எனக்கொரு வருகை அட்டை இருந்தது.
ஐம்பத்திரண்டு கட்டங்கள்.
போன வாரத்துக்கு நட்சத்திரம்,
போகாத வாரத்துக்கு வெறுமை.
வெறுமையைக் கடவுள்
விரலால் தடவிப் பார்ப்பார் என்றிருந்தேன்.
அவருக்கு முகம் இல்லை அப்போது.
ஒரு பேனா இருந்தது, சிவப்பு.

அந்தப் பேனாவோடுதான் விமானம் ஏறினேன்.
வரி பைசா பிசகாமல் கட்டினேன்.
காணிக்கை உறையின் மேல் தேதி எழுதினேன்.
ஹெப்சிபாய் வேலைவிட்டுத் தாமதமாக வந்தால்
மணியை மட்டும் சொன்னேன்.
ரெனிஸ் தொண்ணூற்றிரண்டு வாங்கினால்
மீதி எட்டைக் கேட்டேன்.
கும்பிடுகிறவரின் சாடை
கும்பிடுகிறவனுக்கு வந்துவிடும்போல.

ஒரு புதன்கிழமை
பகலெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு
இரவுக்கு வந்திருந்தேன்.
ஒன்றே முக்காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன்,
ஷூ கயிறு கட்டத்தான்.
கண் திறந்தபோது மூன்று ஐம்பது.

பதினோரு தாளிலும்
இரண்டு மணிக் கட்டத்தில் டிக் போட்டேன்.
கை நடுங்கவில்லை.
யாரும் பார்க்கவில்லை என்ற தைரியம் அல்ல அது.
பார்க்கிறவர் கட்டத்தைத்தானே பார்ப்பார்,
கட்டம்தான் நிரம்பிவிட்டதே.

ஒன்பதாம் அறையில்
மிஸஸ் டிரெவாரோ விழித்திருந்தார்.
பக்கவாதம்; இடப்பக்கம் அவர் சொல் கேட்காது.
இடுப்பெலும்பின் மேல் தோல்
செங்கல் நிறத்தில் கன்றியிருந்தது.
அழைப்புப் பொத்தான் வலக்கைக்கு அருகிலேயே கிடந்தது.
ஏன் அழுத்தவில்லை என்றேன்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நீ தூங்குவது தெரிந்தது.
கொஞ்சமாவது தூங்கினாயா?"

கிண்டல் இருக்கிறதா என்று
அந்தக் குரலில் தேடினேன். இல்லை.

படுக்கையைத் தாழ்த்தும் விசை அடியில் இருக்கிறது,
அதற்காகத்தான் மண்டியிட்டேன்.
விசையை மிதித்த பிறகும் எழவில்லை.
நாற்பத்தாறு வருடமாய்
நான் பயந்தது, ஏய்த்தது, திருப்திப்படுத்தியது
எல்லாம் ஒரு பேனாவை.
அங்கே ஒருவர்
வலியோடு விழித்துக் கிடந்து
நான் உறங்கட்டும் என்று
பொத்தானைத் தொடாமல் இருந்திருந்தால்?
இத்தனை நாளும் இருந்திருந்தால்?

பதினோரு டிக்கையும் அடித்தேன்.
பக்கத்தில் "செய்யவில்லை" என்றெழுதிக் கையெழுத்திட்டேன்.
மேலாளர் பிரான்வின் எச்சரிக்கைக் கடிதம் தந்தார்.
ஹெப்சிபாய் அதை இரண்டுமுறை வாசித்தாள்.
"நீங்களா போய் ஏன் சொன்னீங்க?"
பதில் இருந்தது.
வாக்கியமாக வரவில்லை.
அந்த வாரம் ரெனிஸ்
கணக்கில் எழுபத்தொன்றோடு வந்து நின்றான்.
பழக்கம், வாய் திறந்துவிட்டது.
"சாப்பிட்டியா" என்றேன்.
அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

மிஸஸ் டிரெவாரோவின் தோல் ஆற
ஐந்து வாரம் ஆயிற்று.
பயந்து புரட்டும் கைக்கும்
மற்றக் கைக்கும் உள்ள வித்தியாசம்
முதுகுக்குத் தெரியும்;
"இன்று உன் கை சூடாக இருக்கிறது" என்றார் ஒருநாள்.
உள்ளே வருமுன் வெந்நீரில்
கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.
அதற்குத் தாளில் கட்டம் கிடையாது.

பழைய பேனா இன்னும் போய்விடவில்லை.
சில விடியலில், பனிபடிந்த கார்க்கண்ணாடியைச்
சுரண்டிக்கொண்டிருக்கும்போது வந்து நிற்கும்,
வெறுமைகளை எண்ணிக்கொண்டு.
இப்போது அதனிடம்
கொஞ்சம் பொறு என்கிறேன்.

இரண்டு மணிக்குப் போகிறேன்.
புரட்டுகிறேன், தலையணையைச் சரிசெய்கிறேன்,
போர்வை நுனியைக் காலடியில் செருகுகிறேன்.
டிக் போடத்தான் சில இரவுகளில் மறந்துவிடுகிறது.
அதற்கும் பிரான்வின் திட்டுகிறார்.