இரை: லி.பி.

மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டாத மரங்களில்
வெட்டு நின்று பதினொரு நாளாகிறது.
சிரட்டைகளில் பாலுக்குப் பதில் மழைவெள்ளம்.
கீரிப்பாறையிலிருந்து காளிகேசம் போகும் வழியில்
ஓடையோரப் பாறையில் உட்கார்ந்திருக்கிறேன்,
நைட்டியை முட்டுக்கு மேல் சுருட்டி.
என் கால்களுக்கு மணிக்கூறுக்கு எண்பது ரூபாய்.

கடிக்க வருவது கொசு அல்ல.
எள்ளளவு, முதுகு கூனி,
வெயில் ஏறுமுன் ஒரு வருகை
வெயில் தாழ்ந்தபின் ஒரு வருகை.
கடித்த இடத்தில் ஊசிமுனை ரத்தம் நிற்கும்,
ராத்திரி அது புளியங்கொட்டையாக வீங்கும்.
எஸ்டேட்டில் பொடியீ என்போம்.
வேறு பேரும் சொல்வோம், இங்கே எழுதக்கூடாது.

கடிக்குமுன் பிடிக்க வேண்டும், அதுதான் வேலை.
உட்கார்ந்ததும் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து
பஞ்சை அடைத்து
நேரத்தை எழுதி.
மார்த்தாண்டத்துக்காரி ஷெர்லின் பிரபா
நோட்டில் கட்டம் போட்டுத் தந்திருக்கிறாள்:
தேதி. மணி. எண்ணிக்கை. இரை.
இரை என்ற கட்டத்தில் லி.பி.
லிற்றில் பிளவர், நான்தான்.
ஞானஸ்நானத்தில் சாமியார் விளித்த பேர்
இந்தக் கட்டத்துக்குள் கொள்ளவில்லை.

மத்தியானம், ஜீப்புக்குள், மைக்ராஸ்கோப்.
ஈயின் வயிற்றை இரண்டு ஊசியால் பிரித்து
"அக்கா, வந்து பாருங்க" என்றாள்.
முட்டை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு வெள்ளைப் புழு,
சுருண்டு, சுருண்டு, இன்னும் சுருண்டு.
ஊசியால் நீட்டினாள்.
ஈயைவிட ஏழெட்டு மடங்கு நீளம்.
இடியாப்ப நாழியில் கடைசியாக ஒன்று
விழாமல் தொங்குமே, அது மாதிரி.
ஆனால் அசைந்தது.

"ஈ தண்ணிக்குள்ள குஞ்சா இருக்கும்போதே உள்ள போயிரும்.
கூடவே வளரும். ஈ பறந்தா இதுவும் பறக்கும்.
முட்டைக்கு இனி வயித்துல இடமில்ல.
ஆனா நேரமானா ஆத்துக்குப் போகும்,
முட்டை வைக்கப் போற மாதிரியே.
வைக்கிறது இதை."
ஈ செத்துப்போகுமா?
"செத்துப்போகும்."
வைக்கிறது தன்னோடதல்லன்னு அதுக்குத் தெரியுமா?
ஷெர்லின் அடுத்த குழாயை எடுத்தாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி,
பக்கத்துவீட்டு விஷயம் சொல்வதுபோல்:
"ஆண் ஈக்குள்ள புகுந்தாலோ,
சிலது பொம்பள மாதிரியே ஆத்தைத் தேடிப் போகும்க்கா."
டிரைவர் டென்னிசன் சிரித்தான்.
அப்புறம் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கண்ணாடியைத் துடைக்க இறங்கிப் போனான்,
மழையில்.

சாயங்காலம் மறுபடி பாறை.
வெள்ளம் விழுந்து நுரைக்கும் இடத்தில்
ஈக்குஞ்சுகள் வாலால் கல்லைப் பிடித்து
தலையை ஒழுக்குக்குக் கொடுத்து நிற்கின்றன.
இதுவரை அதைப் பாசி என்று நினைத்து
அதன்மேல் நின்று கால் கழுவியிருக்கிறேன்.

ஐந்தேமுக்கால். இருபத்தியாறு பிடித்திருந்தேன்.
இருபத்தேழாவது இடது முட்டில் வந்து உட்கார்ந்தது.
கடிக்கவில்லை.
குழாயைத் தூக்கினேன்.
அது முன்காலால் தலையைத் தடவியது.
இறக்கையை இரண்டு தடவை பிரித்தது, மடித்தது.
எழும்பி, ஒழுக்குக்கு எதிராக,
மேலே வெள்ளம் சாடும் பக்கம் போயிற்று,
அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவளைப்போல.

குழாய் என் கையிலேயே இருந்தது.

ஷெர்லின் கேட்டால் கை வழுக்கிற்று என்பேன்.
எண்பது ரூபாய் அந்தப் பொய்யைத் தாங்கும்.
பசியில்லாத ஈயாகவும் இருந்திருக்கலாம்.
எல்லாவற்றுக்கும் புழு காரணமாகாது.

இருட்டியது. நைட்டியை இறக்கும்போது பார்த்தேன்,
கணுக்காலில் இன்னொன்று,
எப்போது வந்ததோ, குடித்து முடித்திருந்தது.
அடித்தேன்.
உள்ளங்கையில் என் ரத்தம்.
வேறெதுவும் அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.
அதையும் எழுதவில்லை.